ஐந்து மரத் தெப்பம்

தென்னூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து எஞ்சினியர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். காட்டும்போதே உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பும் வரும். அணைக்கட்டு எஞ்சினியர் அணில் கதை எழுதுகிறார் என்பது அந்தத் தெருவில் ஐந்து வருஷமாகப் பழசாகாத செய்தி.

இருதயநாதன் பொதுப்பணித்துறையில் இருபத்திரண்டு வருஷம் ஆற்றை அளந்தவர். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை காவிரி எந்த மாதம் எந்தக் கரையை உரசும், எங்கே அரிக்கும், எங்கே மணலைக் கொட்டிவிட்டுப் போகும் என்று நோட்டு நோட்டாகக் குறித்து வைத்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தது. தண்ணீர் இல்லாத சீமையில் எனக்கென்ன வேலை என்று ராஜினாமாவை எழுதி நீட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி மரியபுஷ்பம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தச் சம்பளத்தில் வீடு ஓடியது. இருதயநாதன் குழந்தைகளுக்குக் கதை எழுதினார். சின்ன அச்சகம் ஒன்று புத்தகமாகப் போட்டது. நான்காவது புத்தகம்தான் 'ஐந்து மரத் தெப்பம்'. பள்ளிக்கூடங்களில் பரிசு கொடுக்க வாங்கினார்கள். அதற்குப் பிறகு தெருவில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

அறுபத்திரண்டு ஆவணியில் ஒரு சனிக்கிழமை. பதினோரு மணி இருக்கும். மரியபுஷ்பம் முறத்தில் நெத்திலிக் கருவாட்டைப் பரப்பித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மேல்காற்று புழுதியை வாரிக் கதவில் அடித்தது. வாசலில் ஒரு சைக்கிள் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

"எஞ்சினியர் ஐயா வீடு இதானுங்களா?"

முழங்கால் வரை சேறு. இடுப்பு வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. முப்பத்தைந்து வயசு இருக்கும்.

"நான்தான். நீ யாருப்பா?"

"மேலூருங்க. பேரு அழகிரி. வாழைத்தோப்புல வேலை பாக்கறேன்." துண்டுக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். "இது ஐயா எழுதுனதுங்களா?"

அட்டையில் ஆற்றின் நடுவே தெப்பம், அதன் மேல் அக்காவும் தம்பியும் ஒரு ஆட்டுக்குட்டியும். இருதயநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைக்குக் கையெழுத்து வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்துச் சட்டைப் பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"ஆமா, நான் எழுதினதுதான். உள்ள வா, உக்காரு."

அழகிரி உட்காரவில்லை.

"இதுல அந்தத் தெப்பம் போயி எங்கங்க ஒதுங்குது? எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"எதுக்குப்பா கேக்கறே?"

"எம் மவ அதுல போயிட்டாங்க."

மரியபுஷ்பத்தின் கை முறத்தின் மேலேயே நின்றுவிட்டது. இருதயநாதனுக்குச் சொன்னது காதில் விழுந்தது, அர்த்தம் ஆகவில்லை. பேனா மூடியைத் திருகினார். மறுபடியும் திறந்தார்.

"என்ன சொல்றே?"

"பேரு வள்ளிக்கண்ணுங்க. பத்து வயசு. நல்லா வாசிக்கிறான்னு பள்ளிக்கூடத்துல இதைக் குடுத்தாங்க. மூணு மாசமா இதே பேச்சுதான். இன்னிக்கு வெள்ளனே அஞ்சு மரத்தை இழுத்துக் கட்டி, ஆட்டுக்குட்டியையும் ஏத்திக்கிட்டு ஆத்துல எறங்கிட்டா. மாடு கழுவுன பொம்பள ஒண்ணு பாத்திருக்கு. கூப்பிட்டிருக்கு. இவ கையை ஆட்டிட்டுப் போயிட்டாளாம்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு இருக்குங்க. கரையோட ஓடிப் பாத்தோம். ரயில் பாலம் வரைக்கும் ஒண்ணையும் காணும். எல்லாரும் கல்லணைக்குப் போ, அங்கதான் வந்து தட்டும்னு சொல்றாங்க." அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "சந்திரம்மா டீச்சருதான் சொன்னாங்க, இதை எழுதுனவரு ஆத்து எஞ்சினியரு, அவரு கணக்குப் போட்டுத்தான் எழுதியிருப்பாரு, போயி அவரையே கேளுன்னு. அதான் ஓடியாந்தேன். சொல்லுங்கய்யா. எங்க ஒதுங்கும்?"

கதையில் தெப்பம் பாலத்தைத் தாண்டிப் பசும்புல் முளைத்த ஒரு திட்டில் போய் அழகாக நிற்கும். ஆட்டுக்குட்டி துள்ளி இறங்கும். அப்படி ஒரு திட்டு கிடையாது. அதை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு சாயங்காலம் எழுதினார்.

"என்ன மரம்?" என்று கேட்டார்.

"பூவன் வாழைங்க. நேத்து தாரு வெட்டுன மரம்."

"எதால கட்டினா?"

"வாழை நாருங்க. பச்சை நாரு."

இருதயநாதன் அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் பிரதியில் தெப்பம் கட்டுகிற இடத்தில் பத்து வரி இருந்தது. பச்சை நார் தண்ணீரில் ஊறினால் வழுக்கும், முடிச்சு நழுவும், அதனால் மூங்கில் குச்சியைச் சீவி ஐந்து மரத்தையும் குறுக்கே கோத்துக் குத்தவேண்டும், முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. அச்சுக்குப் போகும் முன் அவரேதான் அடித்தார். கதை அங்கே நொண்டுகிறது, எஞ்சினியர் வாடை வீசுகிறது என்று அடித்தார். சுத்தப் பிரதி எழுதியவள் மரியபுஷ்பம். ஏன் இதை எடுத்துட்டீங்க, நல்லாத்தானே இருக்கு என்று அன்றைக்கு அவள் கேட்டாள். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து பழைய ஆற்று நோட்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் தரையிலேயே உட்கார்ந்தார். காலைப் பத்திரிகையில் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிற வழக்கம் விட்டுப்போகவில்லை. மேலணையில் இவ்வளவு விட்டிருந்தால் மேலூருக்கு நேரே வினாடிக்கு இரண்டரை அடி வேகம். ஒன்பது மணிக்குப் பாலம். அதற்கப்புறம் இரண்டு வழி.

"தெப்பம் முழுசா இருந்தா நடு ஆத்தோட போவும். கல்லணைதான்." பென்சில் நுனி காகிதத்தைக் கிழித்தது. "பிரிஞ்சுபோயி ஒத்தை மரமா இருந்தா பாலத்துத் தூணைத் தாண்டினதும் சுழி வடக்குக் கரைப் பக்கம் தள்ளும். அங்க நாணல் காடு இருக்கு."

"எதுங்கய்யா? ரெண்டுல எது?"

"பிரிஞ்சிருக்கும்."

"எப்படிங்க சொல்றீங்க?"

"நார் நழுவும்ப்பா."

அழகிரி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு நேரமில்லை. மரியபுஷ்பம் முறத்தைத் தள்ளிவிட்டுத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மாதா படத்துக்கு முன்னால் போய் மண்டியிட்டாள்.

அழகிரி சைக்கிள் மிதித்தான். இருதயநாதன் பின்னால் கேரியரில் கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொரு வயசில் அவர் அப்படிப் போனதில்லை. தெருவில் சிலர் பார்த்துச் சிரித்தார்கள். ஓடத்துறையில் இறங்கும்போது ஆறு இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் பரிசல் ஹனீஃபா தூக்குவாளியைத் திறந்து சோற்றில் கை வைத்த நேரம். வேலையில் இருந்த காலத்தில் இருதயநாதனை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் எத்தனையோ முறை பரிசல் தள்ளியவர்.

"என்ன சார், ரொம்ப நாளா ஆளையே காணும்?"

"பாய், வடக்கு நாணலுக்குப் போவணும். ஒரு பொண்ணு தண்ணியில போயிருச்சு."

ஹனீஃபா வாளியை மூடினார். "அந்த நாணல்ல சுழி வாங்கும் சார். இந்தத் தண்ணியில யாரும் போகமாட்டாங்க."

"தெரியும் பாய்."

"யா அல்லா" என்றபடி எழுந்து கையைத் தண்ணீரில் அலம்பினார். "ஏறுங்க."

ஆற்றின் நடுவில் பரிசல் இரண்டு சுற்றுச் சுற்றியது. அழகிரி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வள்ளி! ஏ வள்ளிக்கண்ணு!" என்று கத்திக்கொண்டே வந்தான். ஒரு வாழை மரம் மட்டும் தனியாக நாணலில் முட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் போனார்கள். ஒன்றும் இல்லை. அதன் மேல் பச்சை நார் ஒரு சுற்றுத் தொங்கியது. முடிச்சு அவிழவில்லை. அப்படியே நழுவி வந்திருந்தது. இருதயநாதன் அதைத் தொட்டார். கொழகொழவென்று இருந்தது.

"இன்னும் உள்ள" என்றார்.

ஹனீஃபா கழியை ஊன்றித் தள்ளினார். நாணல் முகத்தைக் கிழித்தது. இருபது முப்பது அடி போனதும் அழகிரி ஒரு சத்தம் போட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் இல்லை அது. அப்படியே தண்ணீரில் குதித்துவிட்டான்.

கழுத்தளவு தண்ணீரில் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்தபடி அந்தப் பெண் கிடந்தாள். விரல்கள் மட்டைக்குள் புதைந்திருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. பரிசலில் போட்டு ஹனீஃபா தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தாள். அழுதாள். அழுத சத்தம் கேட்டு மூன்று ஆண்களும் அழுதார்கள்.

"குட்டி?" என்றாள் அப்பனிடம்.

"அது கெடக்கட்டும் சாமி. நீ வந்தியே." அழகிரி அவள் தலையைத் துவட்டினான். "இவரு யாரு தெரியுமா? உன் கதை எழுதுனவரு. இவருதான் கணக்குப் போட்டு உன்னக் கண்டுபுடிச்சாரு."

வள்ளிக்கண்ணு அவரைப் பார்த்தாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"பாலத்துக்கிட்ட மரம் பிரிஞ்சு போயிடுச்சு" என்றாள். "கதையில பிரியலியே."

அவர் ஹனீஃபாவின் சட்டையை அவள் கழுத்து வரை இழுத்து மூடினார்.

கரையில் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். எஞ்சினியர் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டு இடத்தைச் சொல்லிவிட்டார் என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் அதைப் பெரிதாக்கினார்கள். அழகிரி எல்லார் முன்னிலையிலும் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். இருதயநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்திரு, எழுந்திரு என்றார். அந்தப் பத்து வரியை நான்தான் அடித்தேன் என்று சொல்ல வந்தது. கூட்டம் கை தட்டியது. சொல்லவில்லை.

தெருவில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது. அச்சகத்துக்கு எழுதி, மீதிப் பிரதிகளை விற்கவேண்டாம் என்று நிறுத்தினார். மேசைக்குப் போகவே இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

ஒன்பது நாள் கழித்துக் காலையில் மரியபுஷ்பம் கேட்டாள்: "எத்தனை நாளைக்கு இப்படி?"

"நீ அன்னிக்கே கேட்டே."

"கேட்டேன். விட்டுட்டேன். பிழை என் பேர்லயும் இருக்கு. அதுக்காகச் சோத்தைப் பிசைஞ்சு வச்சா ஆச்சா? அந்த வீட்டுக்குப் போயிச் சொல்லிட்டு வாங்க."

"என்னன்னு சொல்றது?"

"இங்க எங்கிட்ட என்ன சொல்றீங்களோ, அதை."

மேலூர் வாழைத்தோப்பில் அன்று தார் வெட்டு. ஆண்கள் தாரைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். ஓரத்தில் பெண்கள் இலைக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழகிரியின் மனைவி வீராயி ஈரத்தரையில் குந்தி இலையை அடுக்கி மடக்கி நாரால் இறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வள்ளிக்கண்ணு நுனியிலையைத் தனியாகப் பிரித்துப் போட்டாள். திங்கட்கிழமை. பள்ளிக்கூட நேரம்.

"புள்ள பள்ளிக்கூடம் போகலியாம்மா?"

"படிச்சது போதுங்க" என்றாள் வீராயி நிமிராமல்.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மூங்கில் குச்சி, பத்து வரி, அடித்தது, கரையில் வாயை மூடிக்கொண்டது. வீராயி இலையை அடுக்குவதை நிறுத்தவில்லை. அவர் முடித்ததும்தான் நிமிர்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு உங்க காலுல விழுந்தாராமே."

"ஆமாம்மா."

"நார் நழுவும்னு இங்க அரை டிராயர் போட்ட புள்ளைக்குக் கூடத் தெரியும். இவளுக்கும் தெரியும். ஏண்டி பச்சை நாருல கட்டுனேன்னு கேட்டேன். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குங்கறா. கையில தெரிஞ்சதை விட்டுட்டு அதை நம்பியிருக்கா. அதான் எனக்கு ஆறல." கையைச் சேலை ஓரத்தில் துடைத்தாள். "அதுல என்னதான் எழுதியிருக்கீங்க? படிங்க. கேக்கறேன்."

அழகிரி ஓடி வீட்டிலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்தான். தண்ணீர் பட்டு அட்டை உப்பியிருந்தது. இருதயநாதன் ஒரு இலைக்கட்டின் மேல் உட்கார்ந்து வாசித்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுதியது, ஐந்தாறு இலைக்கார அம்மாக்களுக்கு வாசிக்கும்போது தடுக்கித் தடுக்கி வந்தது. நாலாம் பக்கத்திலேயே ஒரு கிழவி, "அஞ்சு மரத்தையும் ரெண்டு புள்ளைங்க இழுத்துச்சா? ஒரு மரம் என்ன கனம் இருக்கும்?" என்றாள். இன்னொருத்தி, "ஆவணித் தண்ணியில ஏதுங்க திட்டு?" என்றாள். அவர் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனார். ஆட்டுக்குட்டி தும்முகிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். வள்ளிக்கண்ணு சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வாசிப்பதை நிறுத்தினார்.

"படிங்க" என்றாள் வீராயி.

முடிந்தது. தோப்புக்குள் காற்று இலைகளைக் கிழித்துக்கொண்டு போனது. பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். வீராயி மட்டும் அப்படியே இருந்தாள்.

"அந்தப் புள்ளைங்களோட ஆத்தா எங்கங்க?"

"எந்த ஆத்தா?"

"கதையிலதாங்க. அக்காளும் தம்பியும் விடியறதுக்குள்ள மரத்தை இழுக்குதுங்க, கட்டுதுங்க, தண்ணியில தள்ளுதுங்க. இத்தனைக்கும் அவ எங்க போனா?"

இருதயநாதன் முன்பக்கத்துக்குப் புரட்டினார். பின்னால் புரட்டினார். நாற்பத்தெட்டுப் பக்கம். ஒரு இடத்திலும் இல்லை. மற்ற மூன்று புத்தகங்களையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். அவற்றிலும் இல்லை.

"எழுதலம்மா."

"செத்துட்டாளா?"

"இல்ல. இருக்கா. நான் நெனச்சே பாக்கல."

வீராயி தலையை ஆட்டினாள். "ஊரே என்னைக் கேட்டுச்சுங்க. போலீசு கேட்டாரு. எங்க மாமியா கேட்டா. முகம் தெரியாதவங்க எல்லாம் பாலத்துல நின்னுக்கிட்டு, நீ எங்கடி போயிருந்தேன்னு கேட்டாங்க. நான் நாலு மணிக்கு எல அறுக்க வந்துட்டேன். ஏழு மணிக்கு இந்தா, இந்த எடத்துல குந்தியிருந்தேன். உங்க கதையில அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலியே. அவ எங்கதான் இருக்கா?"

அவர் மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தார்.

"எழுதுங்க" என்றாள். "குச்சியை எழுதுங்க, வேணாங்கல. அவ எங்க போனான்னும் எழுதுங்க."

அவர் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டார். அங்கேயே எழுதலாமா என்று கேட்டார். வெயில் வரும், அந்தப் பக்கம் நிழலுக்குத் தள்ளி உக்காருங்க என்றாள்.

"எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" அவர் வாயில் தானாக 'நீங்க' என்று வந்தது.

"மூணே முக்காலுக்கு. கோயில் மணியெல்லாம் அதுக்கப்பறம்தான்."

"எழுந்து?"

"மூஞ்சியைக் கழுவிட்டு, நீராகாரத்தைக் குடிச்சிட்டு, அருவாளை எடுப்பேன். மொத பஸ்ஸுக்குக் கட்டு போயிரணும். இல்லாட்டி அன்னிக்கு எல அம்புட்டும் வாடிப் போயிரும்." கொஞ்சம் யோசித்தாள். "கெளம்பையில இவளைத் தொட்டுப் பாப்பேன். நெத்தியில. சூடு கீடு இருக்கான்னு. இருட்டுல தடவித்தான் பாப்பேன்."

அவர் எழுதினார். எழுதி முடித்து மெதுவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், வாசித்துக் காட்டினார். இலை பிரித்துக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணு கை ஓய்ந்து கேட்டாள்.

"நீ தொடறது எனக்குத் தெரியாதே" என்றாள் அம்மாவிடம்.

"தூங்கறவளுக்கு எப்படிடி தெரியும்?" வீராயி இலைக்கட்டை முழங்காலால் அழுத்தி நாரை இழுத்து முடிந்தாள். அடுத்த கட்டுக்குக் கை நீட்டும்போது, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போ."